தரைத்தாக்குதல் வானூர்திகளும் அழிவுக் கணக்குகளும்: ஓர் ஒப்பீட்டுத் திறனாய்வு

இரண்டாம் உலகப் போரின் தரைத்தாக்குதல் வானூர்திகளை ஒப்பிடும் எழுத்துகள் பெரும்பாலும் அழிக்கப்பட்ட டாங்கிகளின் எண்ணிக்கையையே அளவுகோலாகக் கொள்கின்றன. அவ்வெண்ணிக்கை யாரால், எப்போது எண்ணப்பட்டது என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது.

செருமானிய யூ-87 ஸ்டூக்கா ஏறத்தாழச் செங்குத்தாகப் பாய்ந்து குண்டிட்டது. துல்லியமே அதன் வலிமை. எனினும் 1940 மே 13 அன்று செடானில் மியூஸ் ஆற்றங்கரைக் காப்பரண்களுள் குண்டுவீச்சால் தகர்ந்தவை மிகச் சிலவே. தகர்ந்தது பிரெஞ்சு வீரர்களின் மனவுறுதி. சோவியத்தின் இல்-2 வேறொரு விடையைத் தேடியது. எஞ்சினையும் விமானியையும் கவச ஓட்டுக்குள் வைத்து, இலக்கின் மேல் வட்டமிட்டு, ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்ந்து, மீண்டும் மீண்டும் தாக்குவதே அதன் முறை. (பின்னிருக்கைச் சுடுநருக்கு அந்த ஓட்டில் இடமில்லை என்பதைப் புகழுரைகள் சொல்வதில்லை.) 1943 கூர்ஸ்க் போரில் குறிதவறும் சிக்கலுக்குத் தீர்வாக, டாங்கியின் மெல்லிய மேற்கவசத்தைத் துளைக்கும் சிறுகுண்டுகள் கொத்தாகத் தூவப்பட்டன.

பிரித்தானியர் புதுமை செய்தது ஆயுதத்தில் அன்று, அழைப்பில். போர்முனைக்கு அருகே வானில் காத்திருக்கும் டைஃபூன்களைத் தரையிலுள்ள வழிகாட்டி வானொலியில் இலக்கை நோக்கி அழைத்தார். அவை ஏவிய ராக்கெட்டுகளோ துல்லியமற்றவை. 1944 ஆகஸ்டில் மோர்டேனில் பிரித்தானிய, அமெரிக்க விமானிகள் அழித்ததாக அறிவித்த டாங்கிகள் நூற்றைம்பதுக்கு மேல். களத்தை நேரில் ஆராய்ந்த பிரித்தானிய ஆய்வுப் பிரிவு கண்ட 46 டாங்கிகளிலும் தானியங்கு பீரங்கிகளிலும் வான்தாக்குதலால் அழிந்தவை 9 மட்டுமே.

இச்சான்றைக் கொண்டு டைஃபூன் பயனற்றது என முடிவுகட்டுவோர், எதிர்முனையில் அதே பிழையைச் செய்கின்றனர். அவர்களும் எரிந்த இரும்பையே எண்ணுகின்றனர். செடானில் மனவுறுதியின் சிதைவை ஸ்டூக்காவின் வெற்றியாகப் பதிவுசெய்யும் அறிஞர், மோர்டேனில் அதே விளைவைக் கணக்கில் கொள்ளாதது முறையாகாது. அங்கே சில டாங்கிகள் பழுதின்றிக் கைவிடப்பட்டும், சில தம் குழுவினராலேயே அழிக்கப்பட்டும் கிடந்தன. அமெரிக்கத் தரைப்படையின் டாங்கி எதிர்ப்பு ஆயுதங்கள் வீழ்த்தியவையோ வான்தாக்குதலால் வீழ்ந்தவற்றினும் மிகுதி. விமானிகளின் அறிக்கையில் அவர்களுக்கு இடமே இல்லை.