வழக்குரை காதையும் வழக்குரை வரைவுப் பயிற்சியும்

சட்டம் பயில்வார்க்கு எழுத்துப் பயிற்சி அளிக்கும் முறை தமிழாராய்ச்சிக்குப் புறம்பானது என்பார் உளர். அஃது ஏற்புடைத்தன்று. பிராது என்பது ஓர் உரைநடைப் படைப்பே. அதன் குறை, எழுதியவனை அன்றி, அதில் கையொப்பமிட்டவனையே வருத்தும்.

இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள், வழக்குரை வரைவில் 15 பயிற்சிகளும் ஆவண வரைவில் 15 பயிற்சிகளும் வேண்டும் என்கின்றன. பயிற்சி ஒன்றுக்கு 3 மதிப்பெண். எஞ்சிய 10 வாய்மொழித் தேர்வுக்கு உரியன. நோக்கம் நன்றே. ஆயின் தொடர்பற்ற முப்பது படிகளை அடுத்தடுத்து எழுதும் மாணவன், அச்சிட்ட மாதிரியைப் பெயர் மாற்றிப் படியெடுப்பதையே கற்பான். ஒரே வழக்கின் அறிவிப்பு, பிராது, எதிருரை, இடைக்கால மனு எனப் பயிற்சிகளைத் தொடுத்தமைப்பின், முன் எழுதியதன் பிழை பின் எழுதுவதில் தானே வெளிப்படும். இதற்கு விதி தடையன்று.

தொடக்கப் பாடமாகச் சிலப்பதிகாரத்து வழக்குரை காதையைக் கொள்ளலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டம் (1908), 6ஆம் கட்டளை, 2ஆம் விதியின்படி வழக்குரையில் இன்றியமையா நிகழ்வுகளே இடம்பெறல் வேண்டும். அவற்றை மெய்ப்பிக்கும் சான்று இடம்பெறலாகாது. பயில்வார் பெரிதும் இடறுமிடம் இதுவே. கண்ணகியோ தன் ஊர், கணவன், அவன் தந்தை, வந்த நோக்கம், கொலையுண்டமை, தன் பெயர் ஆகியவற்றை மட்டும் முதற்கண் மொழிகின்றாள். கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோலன்று என மன்னன் மறுத்த பின்னரே சிலம்பின் பரல் மாணிக்கம் என்கின்றாள். நிகழ்வு முன்னும் சான்று பின்னுமாக நிற்கும் இவ்வைப்புமுறையை விதிநூலினும் தெளிவாக இக்காதை காட்டுகின்றது. எனினும் தொடக்கத்தில் சோழர் இருவர் செய்தியை அவள் விரித்தல் இன்றைய பிராதில் நீக்கத்தக்கது. வேண்டும் பரிகாரம் இன்னதென அவள் கூறவுமில்லை. இவ்விரண்டையும் மாணவரே கண்டுரைக்குமாறு விடுதல் வேண்டும்.

சென்னை அரசு சட்டக் கல்லூரி 2018இல் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதி திருவள்ளூர் மாவட்டத்துப் பட்டறைப்பெரும்புதூர்க்குப் பெயர்ந்தது. பூந்தமல்லி, அம்பத்தூர் நீதிமன்றங்கள் அப்பக்கத்தார்க்கு எட்டுந் தொலைவின. அங்கு வழக்காடுவோர் தம் குறையைத் தமிழிற் கூறுவர். ஆவடியில் வீட்டுமனை வாங்கி எல்லைத் தகராற்றில் அகப்பட்டவர், மனையின் நீள அகலத்தினும் அண்டை வீட்டார் ஏசியதையே நெடிது உரைப்பர். அப்பேச்சைக் கேட்டு, எண்ணிட்ட பத்திகளாகத் தமிழில் வடிப்பதே தக்க பயிற்சி. ஆட்சிமொழிச் சட்டம் 1976இல் திருத்தப்பெற்றுக் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு வழி திறந்த பின்னரும், வரைவுப் பாடத்தை ஆங்கிலத்தோடு நிறுத்துவது முறையன்று. மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1860களிலேயே நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி வெளியிட்டார். சொல் இல்லை என்பது சாக்கே.

பிராதின் இறுதியில், எப்பத்திகள் தானே அறிந்தவை, எவை பிறர் சொல்லக் கேட்டு மெய்யென நம்புபவை எனக் கட்சிக்காரர் பிரித்துரைத்துக் கையொப்பமிடல் வேண்டும். ஆகவே மாணவன் எழுதியதை, அக்கதையை முன் கேளாத ஒருவர்க்கு உரக்கப் படித்துக் காட்டி, அவர் விளங்காது நிறுத்துமிடங்களைக் குறித்துத் திருத்திய பின்னரே ஆசிரியர் மதிப்பெண் இடுதல் வேண்டும்.