செய்திப்படம் எதற்குச் சாட்சி?

தென்காசியில் காசி விசுவநாதர் கோயில் கோபுரத்தின் பின்னால் குற்றால மலை எழுந்து நிற்பதுபோல் எடுத்த படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். கோபுரத்தின் தோளிலேயே மலை சாய்ந்திருப்பதாகத் தோன்றும். உண்மையில் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே சுமார் 5 கிலோமீட்டர் தூரம் உண்டு. படம் எடுத்தவர் எதையும் வெட்டவில்லை, ஒட்டவில்லை. ஆயினும் அந்தத் தூரம் படத்தில் காணாமற் போய்விட்டது.

சுவரில் மாட்டும் நாட்காட்டியில் இது வெறும் அழகு, யாருக்கும் கேடில்லை. ஆனால் கொள்ளைநோய்க் காலத்தில், மக்கள் இடைவெளி விடாமல் நெருக்கியடிக்கிறார்கள் என்று ஒரு செய்தித்தாள் படம் போட்டுக் காட்டும்போது, காணாமற் போன தூரம் யாரோ ஒருவர் தலையில் பழியாக விழுகிறது. ஆகவே செய்திப்படம் ஒன்றை மதிப்பிடும்போது நாம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும். படம் நன்றாக அமைந்திருக்கிறதா? அது எதற்குச் சான்றாக நிற்கும்? முதற் கேள்விக்குக் கிடைக்கும் பாராட்டை இரண்டாவது கேள்விக்கு விடையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தூரம் எங்கே போயிற்று?

இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக, 2 மீட்டர் இடைவெளியில் நிற்பதாகக் கொள்வோம். முன்னவருக்கு 3 மீட்டர் தூரத்தில் கேமராவை வைத்தால், பின்னவர் 5 மீட்டர் தூரத்தில் இருப்பார். படத்தில் அவருடைய உருவம் முன்னவர் உருவத்தில் 60 விழுக்காடுதான் இருக்கும். பார்த்தவுடனே, இவர் தள்ளி நிற்கிறார் என்று கண் சொல்லிவிடும். இப்போது கேமராவை 50 மீட்டர் தூரத்துக்குக் கொண்டு செல்லுங்கள். பின்னவர் 52 மீட்டரில் இருக்கிறார். அவருடைய உருவம் முன்னவர் உருவத்தில் 96 விழுக்காடு. இருவரும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆகவே ஒரே இடத்தில் ஒட்டி நிற்பதாகக் கண் ஏமாறுகிறது.

தரையும் இதற்குத் துணை போகிறது. 1.5 மீட்டர் உயரத்தில் பிடித்த கேமரா 50 மீட்டருக்கு அப்பாலுள்ள தரையை மிகச் சாய்வாகவே பார்க்கிறது. அந்தச் சாய்வில் 2 மீட்டர் தரை சுமார் 6 சென்டிமீட்டர் பட்டையளவே தெரியும். பலர் இதைக் டெலிபோட்டோ லென்சின் குறை என்பார்கள். லென்சின் மீது பிழையில்லை. தூரத்தில் நிற்பதுதான் காரணம். தூரத்தில் நின்றும் உருவத்தைப் பெரிதாக்கிக் கொள்ள லென்சு வழி செய்கிறது, அவ்வளவே.

2020 ஏப்ரலில் டென்மார்க்கில் ரிட்சாவ் ஸ்கேன்பிக்ஸ் நிறுவனத்தின் படக்காரர்கள் இதைச் செய்தே காட்டினார்கள். ஒரே இடம், ஒரே மக்கள். ஒரு படம் அருகிலிருந்து அகலக் கோண லென்சால், மற்றொன்று தூரத்திலிருந்து டெலிபோட்டோவால். ஒன்றில் மக்கள் ஒழுங்காக இடைவெளி விட்டு நின்றார்கள். மற்றதில் கும்பலாக நெரிந்தார்கள்.

கோயம்பேட்டுப் படங்கள்

நம் மாநிலத்துக்கு வருவோம். 2020 ஏப்ரல் 26 முதல் சென்னையில் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும், 25ஆம் தேதி மக்கள் கடைகளுக்கு ஓடினார்கள். கோயம்பேடு சந்தைக் கூட்டம் படமாக நாடெங்கும் பரவியது. அங்கே தொற்று பரவியது உண்மை. மே 5ஆம் தேதி சந்தை மூடப்பட்டது. ஆனால் அதை உறுதி செய்தவை பரிசோதனைகளும், யார் யாரோடு பழகினார் என்று தேடிப் பிடித்த சுகாதாரப் பணியாளரின் உழைப்பும்தான். படம் கூட்டத்தைக் காட்டியது. கூட்டம் ஏன் கூடியது என்பதைக் காட்டவில்லை. இடையில் ஒரே நாள் விட்டு ஊரை அடைத்தால் சந்தைக்கு ஓடாமல் என்ன செய்வது? சந்தையிலிருந்து அரியலூருக்கும் கடலூருக்கும் திரும்பிய கூலித் தொழிலாளர்களை நோய் கொண்டுவந்தவர்கள் என்று ஊரார் பார்த்த பார்வையில், இத்தகைய படங்களுக்கும் பங்கு உண்டு.

நெருக்கம் மட்டுமல்ல, வெறுமையும் ஏமாற்றும். 2020, 2021 ஆண்டுகளின் சீசனில் குற்றாலத்தில் குளிக்கத் தடை. ஆளில்லாத பேரருவி கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அந்தப் படத்துக்கு இயற்கை மீண்டது என்று தலைப்புக் கொடுத்தால் அது பாதி உண்மை. எண்ணெய் தேய்த்துவிடுவோர், பழக்கடைக்காரர், விடுதிப் பணியாளர் ஆகியோர் ஒரு சீசன் வருமானத்தை நம்பி ஆண்டு முழுவதும் வாழ்கிறவர்கள். அவர்கள் படத்தின் சட்டத்துக்கு வெளியே நின்றார்கள்.

மேலிருந்து ஒரு படம்

இனி, தரமும் மதிப்பும் ஒருங்கே சேர்ந்த படம் ஒன்றைப் பார்ப்போம். 2021 ஏப்ரல் 22 அன்று தில்லியின் ஒரு சுடுகாட்டை ராய்ட்டர் நிறுவனத்தின் டேனிஷ் சித்திக்கி டிரோன் மூலம் எடுத்த படம் அது. திறந்த மைதானத்தில் சிதைகள் வரிசையாக எரிகின்றன, பக்கத்திலேயே குடியிருப்புகள். தீயின் நிறமும் இருண்ட தரையும் கண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன.

இதன் சிறப்பு நிறத்தோடு முடியவில்லை. மேலிருந்து பார்ப்பதால் ஒரு சிதை மற்றொன்றை மறைக்கவில்லை. இடைவெளி இடைவெளியாகவே தெரிகிறது. தரையிலிருந்து தூர லென்சால் எடுத்திருந்தால் நான்கு சிதைகளே நாற்பதுபோல் நெருங்கித் தோன்றியிருக்கக்கூடும். இங்கே எண்ணிப் பார்க்கலாம். அருகில் நிற்கும் மனிதர்கள் அளவுகோலாக உதவுகிறார்கள். நாள், ஊர், டிரோனால் எடுத்தது என்ற விவரம் எல்லாம் படக்குறிப்பில் இருந்தன. ஆய்வுக்கூடப் பதிவேட்டில் நாம் கேட்பதும் இவற்றைத்தானே!

சிதையைப் படமெடுத்து உலகுக்குக் காட்டலாமா என்று சிலர் கோபப்பட்டார்கள். அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இப்படத்தில் எந்த முகமும் அடையாளம் தெரியவில்லை. யாருடைய அழுகையும் விற்கப்படவில்லை. கதறும் மகனின் முகத்தருகே கேமராவை நீட்டிய படங்களுக்கு இந்த நியாயம் பொருந்தாது.

இப்படத்துக்கும் எல்லை உண்டு. அது ஒரு நாள், ஒரு மைதானம். நாட்டில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை அது சொல்லாது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு அரசுக் கணக்கில் இருந்தவை சுமார் 4.8 லட்சம் மரணங்கள். உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் வெளியிட்ட மதிப்பீடோ சுமார் 47 லட்சம். அந்தக் கணக்கிடும் முறையை இந்திய அரசு ஏற்கவில்லை. இந்த வழக்கைப் படம் தீர்த்துவைக்காது. ஆனால் கணக்கைச் சரிபார்த்தே ஆக வேண்டும் என்று அது கேட்க வைத்தது. சான்று என்ற முறையில் அதன் மதிப்பு அதுதான். சித்திக்கி 2021 ஜூலையில் ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்டார். 2022ஆம் ஆண்டின் புலிட்சர் பரிசு அவருக்கும் உடன் பணியாற்றிய மூவருக்கும் வழங்கப்பட்டது.

நீங்களே செய்து பாருங்கள்

மூன்று நண்பர்களைப் பள்ளி மைதானத்தில் ஒருவர் பின் ஒருவராக 2 மீட்டர் இடைவெளியில் நிறுத்துங்கள். கைபேசியால் 3 மீட்டரிலிருந்து ஒரு படம், 50 மீட்டரிலிருந்து பெரிதாக்கி ஒரு படம், மாடியிலிருந்து கீழ்நோக்கி ஒரு படம் எடுங்கள். மூன்றையும் இந்தச் சோதனையைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, இவர்கள் எவ்வளவு நெருக்கமாக நிற்கிறார்கள் என்று கேளுங்கள். விடைகளைக் குறித்து வையுங்கள்.

அடுத்த முறை செய்தித்தாளில் ஒரு கூட்டத்தைக் காணும்போது, கேமரா எங்கே நின்றது, எந்த நாளில் நின்றது, சட்டத்துக்கு வெளியே யார் நின்றார்கள் என்று கேளுங்கள். விடை படக்குறிப்பில் இல்லையென்றால், படத்தில் இருப்பவர்கள் மீது தீர்ப்புச் சொல்லாதீர்கள்.