வாயிலும் உள்மண்டபமும்: லவ்காடியோ ஹேர்ணின் கிட்சுகி யாத்திரை பற்றிய ஒரு நோக்கு

ஒரு சமயத்தின் திருத்தலத்தைப் பற்றி அச்சமயத்தவரல்லாத பயணி ஒருவர் எழுத முற்படும்போது, அவர் எதனைக் கண்டார் என்ற வினாவுடன் எவ்விடத்தில் நின்று கண்டார் என்ற வினாவும் எழுகின்றது. யப்பானின் ஷிந்தோ ஆலயங்களைப் பொறுத்தவரை இரண்டாவது வினாவே முதன்மையானது. ஏனெனில் அங்கு பயணியின் கண்ணுக்கு விருந்தாவன மிகச் சில. பௌத்த விகாரைகளிற் போன்று உருவச்சிலைகள் பெரும்பாலும் இல்லை. 'காமி' எனப்படும் தெய்வம் உறைவதாக நம்பப்படும் ஆடியோ வாளோ பிறிதொன்றோ மூடிய கதவுகளுக்குள் இருக்கும். வழிபடுவோர் வெளியே நின்று கைதட்டி வணங்கி மீள்வர். யப்பானியத் தொன்னூலான 'கொஜிகி'யை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பஸில் ஹோல் சேம்பர்லேனே, தாம் இணைந்தெழுதிய பயணக் கைந்நூலில், இவ்வாலயங்களிற் பார்ப்பதற்கு ஏதுமில்லை என்ற கருத்தைப் புலப்படுத்தினார்.

இக்கருத்துக்கு நேர்மாறாக எழுந்தது, லவ்காடியோ ஹேர்ணின் கிட்சுகி பற்றிய கட்டுரை. கிரேக்கத் தாய்க்கும் ஐரிஷ் தந்தைக்கும் 1850 இற் பிறந்த ஹேர்ண், 1890 இல் யப்பானை அடைந்து மட்சுயே நகரில் ஆங்கில ஆசிரியரானார். அவ்வாண்டிலேயே இசுமோப் பெருங்கோயில் அமைந்த கிட்சுகிக்குச் சென்றார். அப்பயணம் 1894 இல் வெளிவந்த 'பரிச்சயமற்ற யப்பானின் சில தோற்றங்கள்' என்ற நூலில் ஓர் இயலாக இடம்பெற்றது. அக்கோயிலின் பிரதான மண்டபத்துட் செல்ல அனுமதிக்கப்பட்ட முதல் மேனாட்டவர் அவரே என்று கருதப்படுகின்றது.

இவ்வியலின் சிறப்பு அதன் நிதானத்தில் உள்ளது. ஹேர்ண் கோயிலை உடனே காட்டிவிடுவதில்லை. ஷிஞ்சி ஏரியின்மீது சிறு நீராவிப் படகு செல்வதும், மலைகள் நிறம் மாறுவதும், ஒக்குனினுஷித் தெய்வம் தன் நாட்டை வானுலகத்தார்க்கு ஈந்த புராணமும் முன்னே வருகின்றன. 'தோரீ' வாயில்களையும் பைன் மரச்சாலையையும் கடந்த பின்னரே கோயில் தோன்றுகின்றது. ஷிந்தோத் தலமொன்றை அணுகுதல் வழிபாட்டின் ஒரு பகுதியே என்பதை விளக்கவுரையின்றி நடையின் கதியினாலேயே அவர் உணர்த்திவிடுகின்றார். கைகழுவித் தூய்மை செய்யும் சடங்கையும், நெருப்புக் கடையும் பழங்கருவியையும் வேடிக்கைப் பொருள்களாக அவர் காட்டவில்லை. அக்கால மேனாட்டுப் பயண நூல்களில் மலிந்து காணப்படும் ஏளனம் இங்கு இல்லை. இது சிறிய சாதனையன்று.

எனினும், ஹேர்ண் உள்ளே சென்றது எவ்வாறு என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அறிமுகக் கடிதம் அவருக்கு முன்னே சென்றது. மொழிபெயர்க்க ஒருவர் உடன் வந்தார். தெய்வ வம்சத்தினராகத் தம்மைக் கொள்ளும் செங்கே குடும்பத்தின் தலைமைக் குருவே அவரை வரவேற்றார். வெளிமுற்றத்திற் காசெறிந்து கைதட்டிய நாட்டுப்புற மக்கள் இவ்வியலில் ஓசையாகவே எஞ்சுகின்றனர். அவர்கள் எதை வேண்டி வந்தனர் என்பதை ஹேர்ண் அவர்களிடம் கேட்டறியவில்லை.

இவ்விடத்திற் கவிஞர் பாஷோவின் அனுபவம் ஒப்புநோக்கத்தக்கது. 1684 இல் இசே ஆலயத்துக்குச் சென்ற பாஷோ, துறவியல்லராயினும் தலையை மழித்திருந்தமையாற் பௌத்த பிக்குவைப் போலக் கருதப்பட்டு, தெய்வ சந்நிதியை அணுக அனுமதிக்கப்படவில்லை. அம்மண்ணின் மைந்தன் வெளியே நின்றான். இரு நூற்றாண்டுகளின் பின் வந்த அந்நியன் வேறொரு தலத்தில் உள்ளே அழைக்கப்பட்டான். பாஷோ தம் பயணக் குறிப்பில் இம்மறுப்பைச் சில சொற்களிற் கூறி, வெளியே இருளில் நின்று பெற்ற உணர்வோடு நிறுத்திக்கொள்கின்றார். பெரிய முடிவெதனையும் அவர் கூறவில்லை. ஹேர்ணோ, உள்ளே சென்றமையாலேயே ஓரினத்தின் இதயத் துடிப்பை உணர்ந்துவிட்டதாக முடிவுகட்டுகின்றார்.

இயலின் பலவீனம் இம்முடிவிலேயே தொடங்குகின்றது. ஹேர்ணின் பார்வையில் ஷிந்தோ, தத்துவமோ நீதிநூலோ இன்றி யப்பானிய இனத்தின் ஆன்மாவில் இடையறாது வாழும் தொன்மை. வரலாறு இதனை அப்படியே ஏற்க இடந்தரவில்லை. அவர் நுழைந்த மண்டபம் 1744 இற் கட்டப்பெற்றது. அதே வளாகத்தில் ஒருகாலத்தில் நின்ற பௌத்த மூன்றடுக்குக் கோபுரம் 17ஆம் நூற்றாண்டில் அகற்றப்பட்டது. 1868 இல் மெய்ஜி அரசு நாடெங்கும் காமி வழிபாட்டையும் பௌத்தத்தையும் பிரிக்க ஆணையிட்டது; 1871 இல் ஆலயங்களை அரச நிறுவனங்களாக்கித் தரவரிசைப்படுத்தியது. ஹேர்ண் கிட்சுகியைத் தரிசித்த 1890 ஆம் ஆண்டிலேயே பேரரசரின் கல்விப் பிரகடனமும் வெளியாயிற்று. தொன்மையென அவர் கண்டதில் ஒரு கூறு, அவர் காலத்து அரசு ஒழுங்குபடுத்திய புதுமையாகும். பேரரச விசுவாசத்தை இனத்தின் இயல்பூக்கமாகப் போற்றும் இத்தகைய எழுத்து, அவ்வரசின் தேவைக்கு அறியாமலே துணைநின்றது. ஆலயங்களுக்கும் அரசுக்கும் இடையிலான அப்பிணைப்பு 1945 டிசம்பரில், பெரும் போரழிவின் பின்னரே, அறுக்கப்பட்டது.

ஆயினும் ஹேர்ணைப் பொய்யரெனத் தள்ளிவிடுதல் நியாயமாகாது. மண்டபம் புதியதாயினும் தலம் பழையதே. 20 ஆண்டுகளுக்கொருமுறை இசே ஆலயம் புதிதாக எழுப்பப்படுவதும் இதனை வலியுறுத்தும். ஷிந்தோ மரபில் தொன்மை என்பது மரத்தில் அன்று, மீளச் செய்தலில் உள்ளது. இசுமோவில் 2000 ஆம் ஆண்டிலே அகழ்ந்தெடுக்கப்பட்ட, மூன்று பெருமரங்களை ஒன்றாகப் பிணைத்தமைத்த தூண்களின் அடிப்பாகங்கள், முற்காலக் கோயிலின் பிரமாண்டம் பற்றிய ஐதீகம் வெறுங்கற்பனையன்று என்பதைக் காட்டின. ஹேர்ணின் உள்ளுணர்வு முற்றிலும் பிழைத்ததன்று. கண்டதை எழுதியபோது அவர் உண்மையின் அருகே நின்றார். கண்டதிலிருந்து ஓரினம் முழுவதற்கும் இலக்கணம் வகுத்தபோதே விலகினார்.

திருத்தலத்தை எழுதும் பயணிக்கு உள்ளே செல்லும் அனுமதி ஒரு பேறு; ஆனால் அது அறிவுக்கு உத்தரவாதமன்று. அழைத்தவர் காட்டியதையே முழுமையெனக் கொள்ளும் ஆபத்தும் அதனுடன் வருகின்றது. கிட்சுகி இயல் இன்றும் படிக்கத்தக்கது. அதன் ஏரியையும் மரச்சாலையையும் சடங்குகளையும் நம்பிப் படிக்கலாம். அதன் முடிவுரையை, வெளிமுற்றத்துக் கைதட்டலைச் செவியிற் கொண்டு, ஐயத்துடன் படித்தல் வேண்டும்.