அடக்கி வாசித்த மூவர்

1980-இல் ‘கொலோசல் யூத்’ வெளிவந்தபோது பிரிட்டனில் பங்க் இசையின் கூச்சல் இன்னும் ஓய்ந்திருக்கவில்லை. வேல்ஸின் கார்டிஃப் நகரைச் சேர்ந்த யங் மார்பிள் ஜயன்ட்ஸ் குழுவின் முதல் ஆல்பம் அது. இரண்டாவது வருவதற்குள் குழு கலைந்துவிட்டது.

ஸ்டூவர்ட் மாக்ஸ்ஹாம் கிட்டாரும் ஆர்கனும், அவர் சகோதரர் பிலிப் பேஸ் கிட்டார், அலிசன் ஸ்டாட்டன் பாட்டு. டிரம்ஸுக்கு ஆளில்லை. ரிதம் மெஷின் தாளத்தைக் கேசட்டில் பதிந்து, மேடையிலும் அதையே ஓடவிட்டு வாசித்தார்கள்.

அடக்கி வாசிப்பது என்று சொல்வோமே, ஸ்டூவர்ட் அதைக் கையாலேயே செய்தார். உள்ளங்கை ஓரத்தைத் தந்திகள்மேல் வைத்தபடி மீட்டுவார். சுரம் பிறந்த கையோடு அமுங்கிவிடும். அந்த ‘டுக், டுக்’ ஒலிகளுக்கு நடுவில் கிடைக்கும் இடத்தில்தான் பிலிப்பின் பேஸ் நடமாடுகிறது. வழக்கமாக அடியில் கிடந்து பாட்டைத் தாங்கும் கருவி, இங்கே மெட்டையே தூக்கிக்கொண்டு முன்னால் வருகிறது. அலிசனின் குரலில் நடுக்கமில்லை, உருக்கிப் பிழியும் வேலையும் இல்லை. கைவேலையாக இருக்கும்போது தனக்குத்தானே பாடிக்கொள்பவரின் குரல் அது.

குறைகளும் உண்டு. 15 உருப்படிகளையும் ஒரே மூச்சில் கேட்டால் ஒன்றுக்கொன்று அடையாளம் மங்கிவிடுகிறது. மெஷின் தாளம் யாருக்காகவும் காத்திருக்காது. அலிசன் ஒரு சொல்லில் சற்றுத் தங்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பல இடங்களில் ஏங்கியிருக்கிறேன். ஆல்பத்தை முடித்துவைக்கும், குரலே இல்லாத ‘விண்ட் இன் த ரிக்கிங்’ எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை.

இந்த ஆல்பம் நிலைத்ததற்கு அதன் அடக்கமே காரணம் என்பார்கள். பாதிதான் உண்மை. 1994-இல் ஹோல் குழு இதிலுள்ள ‘கிரெடிட் இன் த ஸ்ட்ரெய்ட் வேர்ல்ட்’ பாட்டை எடுத்துப் பாடியது. கிட்டார்கள் அலற, குழுவின் பாடகி கோர்ட்னி லவ் தொண்டை கிழியப் பாடினார். பாட்டு சிதையவில்லை. அவ்வளவு சத்தத்தையும் தாங்கும் எலும்பு அந்த மெட்டில் இருந்தது. நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் தனக்குப் பிடித்த ஆல்பங்களின் பட்டியலில் இதையும் எழுதிவைத்திருந்தார். சத்தத்திலேயே வாழ்ந்த அவர் காதில் பட்டதும் அந்த எலும்பாகத்தான் இருக்க வேண்டும்.

மெல்லப் பாடுவதை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். கேசட் தாளத்தை மனத்துக்குள் நிறுத்திவிட்டுக் கேட்டாலும் இந்த ஆல்பத்தின் ‘பிராண்ட் நியூ லைஃப்’ பாட்டு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.