பப்புக்குப் போகிற காதுக்கு ஒரு பிளக்

எடிமோட்டிக் ஈஆர்20எக்ஸ்எஸ் இயர்பிளக்கைச் செருகிக்கொண்டு டிஜே ஸ்பீக்கர் அருகே நின்றால், பாட்டு அப்படியே இருக்கிறது, யாரோ வால்யூமை மட்டும் இறக்கியது போல் தோன்றும். மெடிக்கல் ஷாப் ஃபோம் பிளக்கில் இது நடக்காது. அது குரலையும் சிம்பலையும் விழுங்கிவிட்டு, பேஸை மட்டும் தொம் தொம்மென்று மிச்சம் வைக்கும்.

சூட்சுமம் உள்ளே இருக்கிறது. காதுக் குழாய் இயல்பிலேயே 2,700 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். அதை அடைத்தால் அந்தத் தூக்கல் போய்விடும். இந்தப் பிளக்கின் தண்டுக்குள் இருக்கிற குட்டி ஒலியமைப்பு, போனதை ஈடுகட்டுகிறது.

அட்டையில் போட்டிருக்கும் சத்தக் குறைப்பு அளவு 13 டெசிபல். ஃபோமில் 29 கூட உண்டு. அப்போது ஃபோம்தானே மேல்? ஃபேக்டரிக்கு, ஆமாம். ஆனால் ஃபோமோடு பெங்களூரு பப்பில் நின்றால், நண்பர் ஏதோ கத்துவார், புரியாது, பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுவிடுவோம். திரும்ப மாட்டுவதில்லை. கழற்றிய காது எவ்வளவு நேரம் தாங்கும்? அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் கணக்குப்படி, ஒரு நாளைக்கு 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். அவர்களுடைய இலவச ஐபோன் ஆப், டான்ஸ் ஃப்ளோர் பக்கம் நூறைத் தொட்டுத் தொட்டு ஆடியது. பிளக் இல்லாமல் கால் மணி நேரம் நின்றாலே அன்றைய கோட்டா காலி. 13 டெசிபல் முழுசாகக் குறைந்தால் அதே இடத்தில் ஐந்து மணி நேரம் ஓட்டலாம்.

முழுசாகக் குறைவது செருகுகிற விதத்தில் இருக்கிறது. ஒரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலே இழுத்து, மறுகையால் திருகியபடி உள்ளே விட வேண்டும். மூன்றடுக்கு சிலிகோன் சரியாக உட்காரவில்லை என்றால் பேஸ் குபுக்கென்று நுழையும், அதுதான் அடையாளம். கழற்றும்போதும் திருகித்தான் எடுக்க வேண்டும், வெடுக்கென்று இழுக்கக் கூடாது. ஒட்டிவரும் குறும்பியைப் பக்கத்தில் நிற்பவர் பார்க்காமல் டப்பாவில் போடுவது உங்கள் சாமர்த்தியம்.

எந்தப் பிளக்குக்கும் உள்ள தொல்லை இதிலும் உண்டு. நம் குரல் நமக்கே குடத்துக்குள் பேசுவது போல முழங்கும். கத்துகிறோம் என்று நினைத்துத் தணிந்து பேசிவிடுவோம். பார் கவுன்டரில் கேட்டது ஒன்று, வந்தது ஒன்று.

எப்போதாவது ஆடப் போகிறவருக்கு இது போதும், தாராளமாக வாங்கலாம். தினமும் அங்கேயே வேலை பார்க்கும் டிஜே, பார்டெண்டருக்கு நான் சொல்ல மாட்டேன். அவர்கள் ஆடியாலஜிஸ்ட்டிடம் போய்க் காதுக்கு அச்செடுத்துச் செய்யும் பிளக்கே வாங்கலாம். 9, 15, 25 டெசிபல் என்று ஃபில்டரை மாற்றிக்கொள்ளும் வசதி அதில் உண்டு. செலவுதான் பல மடங்கு.