வெண்ணெய் வாசனை

ரசனையைப் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்செல்லாம் கடைசியில் 'அவரவர் ருசி' என்ற இடத்தில் வந்து படுத்துக்கொள்கிறது. அதற்கு மேல் பேசினால் நட்பு கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, நாக்கின் ருசியைப் பற்றிப் பேசுவதற்கென்றே கூடிய கூட்டம் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். அங்கே பேச்சு அந்த இடத்தில் படுத்துவிடவில்லை. அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

பெங்களூரில் 2010க்குப் பிறகு, பீரை அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் விடுதிகள் பெருகியிருக்கின்றன. அப்படி ஒன்றில், இங்கிலாந்திலிருந்து வந்திருந்த பீர் தயாரிப்பவர்கள் இருவர், ஒரு பெண்ணும் ஓர் ஆணும், உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து தயாரித்த ஐந்து வகைகளை முப்பது பேருக்கு ருசி காட்டினார்கள். என்னை அழைத்துப்போனவர் கவிதை எழுதும் நண்பர். சிறு சிறு கண்ணாடித் தம்ளர்கள், இடையிடையே குடிக்கத் தண்ணீர், குறித்துக்கொள்ள ஒரு தாள். தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசு நிறுவனத்தின் கையில். கம்பிக்குள் கையை விட்டு, கிடைத்ததை வாங்கிக்கொண்டு திரும்பும் பழக்கத்தைப் பார்த்தவனுக்கு, பீரை முகர்ந்து பார்த்து அபிப்பிராயம் சொல்வதே வேடிக்கையாக இருந்தது.

முதல் தம்ளருக்கு முன்னால் கதை வந்தது. இந்தியா பேல் ஏல் என்ற வகை. இந்தியாவுக்கு வரும் நீண்ட கப்பல் பயணத்தில் கெடாமல் இருக்க, ஹாட்ஜ்சன் என்ற லண்டன்காரர் ஹாப்ஸையும் போதையையும் கூட்டிக் கண்டுபிடித்தது. ஆகவே 'உங்கள் ஊருக்காகவே பிறந்த பீர்' என்றார் அந்த ஆண். எல்லோரும் கைதட்டினோம். இந்தக் கதை நிற்காது. மார்ட்டின் கார்னெல் என்ற பீர் வரலாற்றாசிரியர் பழைய ஆவணங்களைத் துருவி, ஹாட்ஜ்சன் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்ததற்குச் சான்று இல்லை என்று காட்டியிருக்கிறார். கறுப்பு நிறப் போர்ட்டரும் அதே கப்பல்களில் வந்து இறங்கி, குடிக்கப்பட்டிருக்கிறது. 'உங்கள் ஊர்' என்பதும் இங்கே கம்பெனி அதிகாரிகளின் ஊர்தான். ஆனால் கதை முடியும்போது முப்பது நாக்குகளும் தயாராகிவிட்டன. நம் புத்தகங்களின் பின்னட்டைக் குறிப்பும் முன்னுரையும் செய்கிற வேலை இதுதான். வாசகன் படிப்பதற்கு முன்பே படித்துவிட்டவனாகிறான்.

மூன்றாவது தம்ளரில் வெளிர் மஞ்சள் லாகர். பில்சன் நகரில் 1842இல் தொடங்கிய வகையைச் சேர்ந்தது. முகர்ந்ததும் உருகிய வெண்ணெய் வாசனை, தியேட்டரில் பாப்கார்ன் மேல் ஊற்றுவார்களே, அது. தாளில் 'வெண்ணெய்?' என்று எழுதி, எழுதியதைக் கையால் மறைத்துக்கொண்டேன். பக்கத்தில் ஒருவர் 'மென்மை' என்றார். இன்னொருவர் 'ஆழம்' என்றார். என் நண்பர் 'பால்ய காலத்து வாசனை' என்றார். என் முறை வந்தது. தயாரித்தவர் கையில் ஜாடியோடு இரண்டு முழ தூரத்தில் நிற்கிறார். 'வித்தியாசமாக இருக்கிறது' என்றேன்.

இந்தச் சொல்லை நான் எங்கே கற்றேன் என்று எனக்குத் தெரியும். புத்தக வெளியீட்டுக் கூட்டங்களில் கற்றேன். படைப்பாளி மேடையில், விமர்சகன் அவருக்குப் பக்கத்து நாற்காலியில், எதிரே இருபது பேர்; அவர்களில் பாதிப்பேர் அடுத்த மாதம் அதே மேடையில் ஏறப்போகிறவர்கள். 'வித்தியாசமான குரல்' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகலாம். பொய் சொன்னதாகவும் ஆகாது.

எல்லோரும் சொல்லி முடித்ததும் அந்தப் பெண்மணி கேட்டார்: மூன்றாவதில் யாருக்காவது வெண்ணெய் வாசனை வந்ததா? கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு இரண்டு கைகள் எழுந்தன. என் கை எழவில்லை. அவர் சொன்னதன் சாரம் இது. அதன் பெயர் டையசெட்டைல். ஈஸ்ட் நொதிக்கும்போது அதன் விளைவாக உண்டாவது. நொதித்தல் முடியும் தறுவாயில் சூட்டைச் சற்றுக் கூட்டி இரண்டு மூன்று நாள் விட்டுவைத்தால், ஈஸ்டே அதைத் திரும்ப உட்கொண்டுவிடும். இந்தக் கூட்டத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, நாங்கள் அவசரப்பட்டுவிட்டோம்.

அவருக்கு அதில் வெட்கமும் இல்லை, தன்னடக்கம் காட்டும் பாவனையும் இல்லை. குறைக்கு ஒரு பெயர் இருந்தது, பெயருக்குப் பின்னால் ஒரு காரணம் இருந்தது, காரணத்துக்கு ஒரு பரிகாரமும் இருந்தது. வெந்த சோள வாசனை அடித்தால் டைமெத்தில் சல்ஃபைட், கொதிக்கவைத்தது போதவில்லை. பச்சை ஆப்பிள் வாசனை என்றால் அசிட்டால்டிஹைட், பெரும்பாலும் நொதித்தல் முற்றுப்பெறவில்லை. டென்மார்க்கில் பிறந்த மோர்ட்டன் மெயில்கார்ட் என்ற ரசாயன நிபுணரும் சகாக்களும் 1979இல் இப்படி நூற்றுக்கு மேற்பட்ட சொற்களை ஒரு சக்கரமாக வகுத்து வெளியிட்டார்கள். அதில் 'நல்லது', 'மோசம்' என்ற சொற்களுக்கு இடமே கொடுக்கவில்லை.

நம் விமர்சனத்தில் அந்த இரண்டு சொற்களைத் தவிர வேறென்ன இருக்கிறது? க.நா.சு. பட்டியல் போட்டார். அந்தப் பட்டியலுக்குப் பின்னால் பரந்த படிப்பும் பழகிய நாக்கும் இருந்தன. பட்டியலை மட்டும் நாம் சுவீகரித்துக்கொண்டோம். செல்லப்பா 1959இல் 'எழுத்து' தொடங்கி, அலசிப் பார்க்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும் என்று மன்றாடினார். அதை வறட்சி என்று ஒதுக்கினோம். மிச்சம் இருப்பது பாராட்டு அல்லது வசை. வசையில் கவிதையின் குறை வராது, கவிஞனின் குணம் வரும்.

பெயர் வைக்கக்கூடிய குறைகள் இல்லாமல் இல்லை. கடைசி இரண்டு வரிகளில் வாசகனை நம்பாமல் கவிதையின் கருத்தைக் கவிஞரே சொல்லிவிடுவது ஒன்று. மௌனம், வெறுமை, நிழல் என்று பிறர் கவிதையிலிருந்து கைமாற்றாக வாங்கிய துக்கத்தைத் தன் துக்கம்போலப் புழங்குவது ஒன்று. வாக்கியம் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாமல், கவிதைபோலத் தோன்ற வேண்டும் என்பதற்காக வரியை உடைப்பது ஒன்று. மூன்றுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றே: இன்னும் சில நாள் விட்டுவைக்கவில்லை.

கவிதை பீர் அல்ல என்று சொல்வார்கள். பில்ஸ்னருக்கு முன்மாதிரி உண்டு, புதுக்கவிதைக்கு ஏது? நியாயமான கேள்வி. பீரிலும் குறை எல்லா இடத்திலும் குறை அல்ல. சில ஆங்கில ஏல்களில் கொஞ்சம் வெண்ணெய் வாசனை ஏற்கப்படுகிறது. பெல்ஜியத்து லாம்பிக்கில் புளிப்புதான் உயிர். ஆகவே, இந்தப் படைப்பு என்னவாக இருக்கப் பார்க்கிறது என்று முதலில் கண்டுகொள்ள வேண்டும். விமர்சகன் தேவைப்படுவதே இதற்குத்தான்.

சிறியது என்பதே தகுதி என்ற மயக்கமும் நமக்கு உண்டு. முந்நூறு பிரதி என்றால் தரம். 1965இல் ஃப்ரிட்ஸ் மேடாக் சான்பிரான்சிஸ்கோவில் மூடப்படவிருந்த ஆங்கர் என்ற சிறு பீராலையில் பணம் போட்டார். அமெரிக்கச் சிறு பீராலைகளின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். அந்த பீருக்கு அப்போது புளித்துப்போவது என்று பெயர். சிறிய ஆலையின் தனித்தன்மை என்று அதை அவர் கொண்டாடவில்லை. மைக்ரோஸ்கோப் வாங்கினார், பாத்திரங்களைச் சுத்தம் செய்தார்.

நாக்கிலும் குறை உண்டு. டையசெட்டைல் வாசனை சிலருக்கு எளிதில் தட்டுப்படுவதே இல்லை. ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் ஆசிரியர் பெயர் இல்லாமல் கவிதைகளைக் கொடுத்து, வந்த அபிப்பிராயங்களை 1929இல் புத்தகமாக்கியபோது, வாசகன் தடுமாறும் இடங்களைப் பத்தாக எண்ணிப் பெயரிட்டார். பெயரை மறைத்ததனால் மட்டும் யாரும் நன்றாகப் படித்துவிடவில்லை என்பதுதான் அந்தப் புத்தகத்தின் படிப்பினை. எனக்கோ வாசனை தெரிந்திருந்தது. சொல்லவில்லை. ரிச்சர்ட்ஸின் பத்தில் இது இல்லை.

மெட்ரோவுக்கு நடந்துவரும்போது நண்பர் கேட்டார்: "உங்களுக்கு அந்த வெண்ணெ வாசனை வந்துதா?"

"வந்துது."

"அப்ப ஏன் சொல்லல?"

பதில் சொல்லவில்லை. அவருடைய தொகுப்புக்கு நான்தான் சென்ற வருஷம் பேசினேன். 'வித்தியாசமான குரல்' என்று. என் பிரதியில் மூன்று கவிதைகளின் ஓரத்தில் பென்சில் கோடு இருக்கிறது. கொஞ்ச தூரம் போனபின், "ஞாயித்துக்கிழமை உங்க புஸ்தகத்தை எடுத்துட்டு வீட்டுக்கு வாங்க" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

வந்தார். மூன்று மணி நேரம் பேசினோம். ஒரு கவிதையின் கடைசி இரண்டு வரிகளை அவரே பென்சிலால் அடித்தார். இன்னொன்றில் நான் சொன்னதை ஒப்புக்கொள்ளாமல் சண்டை போட்டார். மூன்றாவதை அவர் வாய்விட்டு வாசித்துக் காட்டினார். கேட்டபின், கோடு போட்டது என் தவறோ என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது.