அக்கா வீட்டுக் கூடம்

எங்கள் தெருவில் வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவருடைய கூடத்தில் என்னை முதலில் இழுப்பவை அங்கே இறைந்து கிடக்கும் சாமான்கள்தாம். எவர்சில்வர் கிண்ணங்கள், பொருந்தாத மூடிகள், வழவழவென்று தேய்த்த கொட்டாங்கச்சி, பழைய சேலையில் தைத்த துணிப்பந்து. மூன்று வயது தாண்டியவர்களுக்கு மட்டும் முறத்தில் புளியங்கொட்டையும் மொச்சையும் கலந்து வைப்பார். கையில் கிடைத்ததை வாயில் போடுகிற சின்னதுகளுக்குத் தாம்பாளமும் கொஞ்சம் தண்ணீரும் இரண்டு டம்ளரும், பக்கத்திலேயே அக்காவும். முறத்தில் கொட்டைகள் சரசரவென்று உருளும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கும். நாளைக்குப் பென்சிலைப் பிடிக்கப்போகிற பிடிக்கு அதுதான் தொடக்கம். எழுதச் சொல்லி அவர் அவசரப்படுத்துவதில்லை.

அவருடைய பேச்சு எனக்கு இன்னும் பிடிக்கும். புதிதாக வந்த பிள்ளை அழுதால் "அழாதே" என்று அதட்டமாட்டார். இடுப்பில் வைத்துக்கொண்டே ரசஞ்சாதம் பிசைவார். "சாப்பிடுவோம், தூங்குவோம், எழுந்து பால் குடிப்போம், அப்புறம் அம்மா வருவாங்க கண்ணு." கடிகாரம் பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக நேரம் சொல்ல முடியாது. சொன்ன வரிசையை அவர் மாற்றுவதும் இல்லை. செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டு, கழற்றி, மறுபடி மாட்டுகிற பிள்ளைக்காக வாசலில் அப்படியே நிற்பார். கை நீட்டி உதவாமல் நிற்பதற்கு எத்தனை பொறுமை வேண்டும்! சாயங்காலம் அம்மா வந்ததும், "இன்னிக்குச் செருப்பை அவனே மாட்டிக்கிட்டான்" என்று அந்தப் பிள்ளை காதில் விழும்படி சொல்லுவார்.